தாண்டுவதற்கு முன் இறங்கக் கற்பிப்போம்



பச்சைக்குதிரை விளையாட்டை நம்மில் பலரும் சிறு வயதில் ஆடியிருப்போம். ஒரு பிள்ளை குனிந்து நிற்கும். மற்றப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஓடி வந்து, அதன் முதுகில் இரு கைகளையும் ஊன்றி, கால்களை அகட்டித் தாண்டிச் செல்வார்கள். எந்த ஆசிரியரும் கற்பிக்காமல் தெருவிலும் திடலிலும் வளர்ந்த ஆட்டம் இது. இதில் நாம் கவனிக்கத் தக்க ஒன்று உண்டு. குனிகின்ற பிள்ளை எடுத்த எடுப்பிலேயே உயரமாக நிற்பதில்லை. முதலில் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு குனிகிறது. எல்லாரும் தாண்டி முடித்த பிறகு கணுக்காலைப் பிடிக்கிறது. அதன் பின் முழங்காலை. உயரம் சிறிது சிறிதாகவே ஏறுகிறது. தாண்ட முடியாமல் போன பிள்ளை அடுத்துக் குதிரையாகிறது, ஆட்டம் தொடர்கிறது. இதைவிட நல்ல பாடத்திட்டத்தை எழுதுவது கடினம்.

பள்ளிகளில் சீருடற்பயிற்சியின் ஒரு பகுதியாக வரும் தாண்டுதலும் ஏறத்தாழ இதுவே. ஆங்கிலத்தில் ‘வால்ட்டிங்’ என்பார்கள். குனிந்த முதுகுக்குப் பதிலாக அடுக்கடுக்காகக் கழற்றிப் பூட்டக்கூடிய மரப்பெட்டி இருக்கும். அதன் மேல் அடுக்கில் தோலோ கித்தானோ போர்த்திய மெத்தை இருக்கும். ஓடி வந்து, இரு கால்களாலும் உந்தி எழுந்து, பெட்டியின்மேல் கைகளை ஊன்றி, மறுபக்கம் இறங்கவேண்டும்.

ஆனால் பல பள்ளிகளில் இந்தப் பெட்டி பண்டக அறையில் தூசி படிந்து கிடக்கிறது. காரணம் கேட்டால், “முன்பு ஒரு பிள்ளைக்குக் கை முறிந்துவிட்டது, அதன் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை” என்ற பதிலையே பெரும்பாலும் கேட்கிறோம். அந்த அச்சம் பொருளற்றது அன்று. பிறர் பெற்ற பிள்ளையின் கை முறிந்தால் எந்த ஆசிரியருக்கும் அன்றிரவு உறக்கம் வராது. ஆயினும், பெட்டியைப் பூட்டி வைத்தால் பிள்ளைகள் தாண்டுவதை நிறுத்திவிடுகிறார்களா? பள்ளி விட்டதும் மழைநீர்க் கால்வாயைத் தாண்டுகிறார்கள், வேலியைத் தாண்டுகிறார்கள், வீட்டில் சோபாவைத் தாண்டுகிறார்கள். போதாக்குறைக்கு, உலக வீராங்கனைகள் செய்யும் தாவல்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கட்டில் மேலிருந்து செய்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் எப்படியும் தாண்டத்தான் போகிறார்கள். இறங்குவதற்கு அவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

அதனால்தான் இன்றைய உரைக்கு இப்படித் தலைப்புக் கொடுத்தோம். தாண்டுதலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கற்பிக்கவேண்டும் என்பது நம் கருத்து. முதலில் இறங்குதல். அடுத்துக் கைகள். அதற்கடுத்து உந்தி எழுதல். பெட்டி கடைசியில்தான் வரவேண்டும். நடைமுறையிலோ பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. முதல் நாளே பெட்டியை நடு மண்டபத்தில் நிறுத்தி, “ஓடி வா, தாண்டு!” என்கிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உரோமானியப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மரக்குதிரையின்மேல் ஏறியும் இறங்கியும் பழகியதாக வெஜீஷியஸ் என்ற பழைய நூலாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். 1811ஆம் ஆண்டில் பெர்லின் நகருக்கு அருகே ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்பவர் திறந்தவெளிப் பயிற்சித் திடல் ஒன்றை அமைத்தபோதும், நாட்டுக்குப் போர் வீரர்களை உருவாக்கும் எண்ணம் அதில் கலந்திருந்தது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே தாண்டுதல் இடம்பெற்றது. ஆக, இந்தப் பயிற்சியும் இதன் கருவிகளும் வளர்ந்த ஆடவரை மனத்தில் வைத்துப் பிறந்தவை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவற்றை அப்படியே கொடுப்பது, தந்தையின் சட்டையை மகனுக்கு அணிவிப்பது போலாகும். நீளத்தைக் குறைத்துத் தைக்க வேண்டியது நம் பொறுப்பு.

இனி இறங்குதலைப் பார்ப்போம். நேரம் அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது.

வானொலியில் நம்மால் செய்து காட்ட இயலாது. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்து நின்று ஒருமுறை செய்து பாருங்கள். கால்களை இடுப்பு அகலத்துக்குச் சற்றே விலக்கி வையுங்கள். மெல்லத் துள்ளி, முதலில் முன்பாதம், உடனே குதிகால் என்று தரையில் படவிடுங்கள். பட்டதும் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒருசேர மடங்கட்டும். முழங்கால்கள் இரண்டும் உட்புறமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று முட்டக்கூடாது. கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே அவையும் நோக்கவேண்டும். கைகள் முன்னே நீளட்டும். கண்கள் தரையைப் பார்க்காமல் எதிரே சுவரைப் பார்க்கட்டும். தலை குனிந்தால் உடலும் முன்னே சாயும். அப்படியே அசையாமல் மூன்று எண்ணுங்கள், பிறகு நிமிருங்கள்.

மடங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. பிள்ளைகளை “நன்றாக மடங்கு” என்று சொன்னால் குந்தியே விடுவார்கள். அவ்வாறு ஆழமாகக் குந்தும்போது முழங்கால் எழும்பி முகவாயில் இடிக்கும்; நாக்கு பல்லில் அகப்பட்டு இரத்தம் வரும். நாற்காலியில் உட்காரத் தொடங்கிப் பாதியில் மனம் மாறியவர் நிற்கும் நிலை இருக்கிறதே, அது போதும்.

மடங்குவதால் என்ன நன்மை என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு பிள்ளை 50 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்ட பிறகு மூட்டுகள் மடங்கி, உடல் இன்னும் 25 செண்டிமீட்டர் தாழ்ந்து நிற்குமானால், அந்தக் கால்கள் தாங்கும் விசை சராசரியாக உடல் எடையைப் போல் 3 மடங்கு. அதே பிள்ளை விறைப்பாக இறங்கி, 5 செண்டிமீட்டருக்குள் உடல் நின்றுவிட்டால், அது 11 மடங்காகிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு முறையில் 60 கிலோ பாரத்தைத் தாங்குகிறது. மற்றொரு முறையில் 220 கிலோ பாரத்தைத் தாங்குகிறது. உயரம் ஒன்றே, பிள்ளையும் ஒன்றே. முழங்கால் மடங்கியதா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஓசை போதும். “பூனை குதித்தால் சத்தம் கேட்குமா? நீங்கள் இறங்கும்போதும் எனக்குச் சத்தம் கேட்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கலாம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் காட்டும் உற்சாகம் வியப்பானது. ‘டம்’ என்று ஒலி கேட்டால் விறைப்பாக இறங்கிய கால் என்று பொருள். பார்க்காமலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தரையில் நின்ற இடத்திலேயே துள்ளி இறங்குதல். பிறகு தரையில் கிடக்கும் கயிற்றைத் தாண்டி இறங்குதல். பிறகு தாழ்வான பெஞ்சிலிருந்து இறங்குதல். பெஞ்சிலிருந்து இறங்குவது நன்கு படிந்த பிறகே காற்றில் கைதட்டி இறங்குவது, கால் திருப்பம் திரும்பி இறங்குவது போன்ற அலங்காரங்கள். இதற்கே நான்கைந்து பாடவேளைகள் ஆகலாம். ஆகட்டும்.

நிலை தடுமாறினால் என்ன செய்வது என்பதையும் இதனோடு சேர்த்தே பழக்கவேண்டும். விழும் பிள்ளை இயல்பாகவே கையை நீட்டி ஊன்றிக்கொள்ளும். நீட்டிய கையில் முழு உடலும் விழும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சிறு பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் விபத்து. ஐந்து முதல் ஏழு வயது வரை இது மிகுதி. மேலும், வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. அங்கே ஏற்படும் காயம் எலும்பின் வளர்ச்சியையே பாதிக்கலாம். ஆகவே, முன்னே சாய்ந்தால் முகவாயை மார்போடு சேர்த்து உருளவும், பின்னே சாய்ந்தால் கையைப் பின்னால் ஊன்றாமல் உட்கார்ந்து முதுகால் உருளவும் மெத்தையில் பழக்கிவிடவேண்டும். குட்டிக்கரணம் நன்றாகப் போடத் தெரியாத வகுப்பு தாண்டுபெட்டிக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்தது கைகள். தாண்டும்போது கைகள் ஒரு நொடிப் பொழுது கால்களின் வேலையைச் செய்கின்றன. நடக்கப் பழகிய கால்களுக்கு இருக்கும் வலிமை கைகளுக்கு இராது. முயல் தாவல் இதற்கு ஏற்ற பயிற்சி. பிள்ளை குந்தி, கைகளைத் தோள் அகலத்தில் முன்னே ஊன்றி, விரல்களை விரித்து முன்னோக்கி வைத்து, கால்களைத் துள்ளிக் கைகளுக்கு அருகே கொண்டுவருகிறது. கை, கால், கை, கால் என்று மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை முயல்கள் ஓடட்டும். முழங்கை மடங்கக்கூடாது. பிறகு நீண்ட பெஞ்சின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கால்களை மட்டும் தாவச் செய்யலாம். பெட்டியில் நடக்கும் விபத்துகளில் ஒரு வகை, தோள்கள் கைகளைக் கடந்து முன்னே போன பிறகும் கைகள் பெட்டியை விடாமல் இருப்பதால் வருவது. உடல் கவிழ்ந்துவிடுகிறது. “தொட்டதும் தள்ளு, சூடான அடுப்பைத் தொட்டதுபோல் கையை எடு” என்று நாம் சொல்வது வழக்கம். பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

உந்தி எழுதலில் பிள்ளைகளுக்கு வரும் தடங்கல் ஒன்றே ஒன்று. ஓட்டம் ஒற்றைக் கால் வேலை. எழும்புவதோ இரட்டைக் கால் வேலை. இந்த மாற்றம் நொண்டி விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒற்றைக் காலும் அடுத்த கட்டத்தில் இரட்டைக் காலும் வைப்பதைக் கட்டம் கீறி ஆடிய பிள்ளைகள் அறிவார்கள். பிரம்பு வளையம் ஒன்றைத் தரையில் வைத்து, மூன்றடி ஓடி வந்து, ஒரு காலால் தாவி, வளையத்துக்குள் இரு கால்களையும் சேர்த்து வைத்து நேராக மேலே துள்ளச் சொன்னால் போதும். வளையம் வழுக்கும் தரையாக இருந்தால் சுண்ணக்கட்டியால் வட்டம் கீறிக்கொள்ளலாம். உந்துபலகை தொடக்கத்தில் தேவையில்லை. மூன்றடி ஓட்டமே போதுமான பிள்ளைகளைப் பத்து மீட்டர் தூரத்திலிருந்து ஓடவிடுவது வேகத்தை மட்டுமே கூட்டும், திறமையைக் கூட்டாது. சிறு மீள்வலைப் பலகையை இந்த வயதில் அறவே தவிர்ப்பது நல்லது என்பது நம் துணிபு.

இவ்வளவும் ஆன பிறகுதான் பெட்டி மண்டபத்துக்குள் வரவேண்டும். அதுவும் ஓரிரு அடுக்குகளோடு, பிள்ளையின் முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்தில், குறுக்காக வைக்கப்படவேண்டும். முதற்பாடம் தாண்டுதல் அன்று, ஏறுதல். மூன்றடி ஓடி, உந்தி எழுந்து, கைகளை ஊன்றி, இரு கால்களையும் கைகளுக்கு நடுவே பெட்டியின்மேல் வைத்துக் குந்தவேண்டும். பிறகு எழுந்து நிற்கவேண்டும். பிறகு, நாம் வாரக்கணக்கில் பழக்கியிருக்கிறோமே, அந்த இறங்குதல். ஏறிக் குந்தி, நின்று, துள்ளி இறங்கும் இந்த வரிசை பல பிள்ளைகளுக்கு ஓராண்டு முழுவதற்கும் போதுமான பாடமாகும். நிற்காமல் நேரே தாண்டிச் செல்வது இதிலிருந்து தானாகவே முளைக்கும்.

உயரத்தை வகுப்பைப் பார்த்துத் தீர்மானிக்காமல் பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். ஒரே வகுப்பில் ஆசிரியரின் இடுப்பளவு நிற்கும் பிள்ளையும் இருக்கும். மார்பளவு நிற்கும் பிள்ளையும் இருக்கும். இரண்டு உயரங்களில் இரண்டு இடங்களை அமைத்து, எதற்குப் போவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் அளவை நம்மைவிட நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

இனித் தாங்கிப் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆசிரியர் நிற்கவேண்டிய இடம் பெட்டிக்கு முன்னால் அன்று. மறுபக்கத்தில், பிள்ளை இறங்கும் பக்கத்தில், பெட்டியை ஒட்டி ஓரமாக. பிள்ளையின் கை பெட்டியில் பட்டவுடன் தோளுக்குச் சற்றுக் கீழே மேற்கையைப் பற்றிக்கொள்ளவேண்டும். பிள்ளை முன்னே வர வர ஆசிரியரும் ஓரடி, இரண்டடி அதனோடு சென்று, அது தரையில் நிலைத்து நின்ற பிறகே கையை விடவேண்டும். சட்டையைப் பிடிப்பதோ, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதோ உதவாது. கால்களை அகட்டித் தாண்டும் முறையில் மட்டும் ஆசிரியரின் இடம் மாறுகிறது. ஓரமாக நின்றால் பிள்ளையின் கால் ஆசிரியரின் முகத்தில் படும். ஆகவே எதிரே நேராக நின்று, இரு மேற்கைகளையும் பற்றி, பிள்ளை வரும்போதே பின்னோக்கி அடி வைக்கவேண்டும். எங்கே பிடிக்கப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் காட்டிவிடுவது முறை. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைத் தாங்கும் வேலையைத் தொடக்கப்பள்ளியில் கொடுக்கவேண்டாம்.

“ஆசிரியர் பிடித்துக்கொண்டால் அது தாண்டுதலா?” என்று சில பெரிய பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லலாம். 2023ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த உலகப் போட்டியில், அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் அதுவரை எந்தப் பெண்ணும் உலகப் போட்டியில் செய்திராத ஒரு தாவலைச் செய்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தத் தாவலின்போது அவருடைய பயிற்றுநர் மெத்தையருகே நின்றார். அப்படி நின்றதற்காக அரைப் புள்ளி கழிக்கப்படும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தே நின்றார். உலகிலேயே சிறந்தவர் அரைப் புள்ளி விலை கொடுத்து ஆளை அருகே நிறுத்திக்கொண்டார் என்றால், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதில் என்ன வெட்கம்?

கருவிகளைச் சரிபார்ப்பதற்கும் உலக மேடையிலிருந்தே ஒரு சான்று கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், பெண்களுக்கான தாண்டு குதிரை 125 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். ஒருவரும் கவனிக்காமல் அது 120 செண்டிமீட்டரில் வைக்கப்பட்டிருந்தது. ஐந்தே செண்டிமீட்டர்தான். தேர்ந்த வீராங்கனைகள் ஒருவர் பின் ஒருவராகத் தடுமாறினார்கள், விழுந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் என்ற இளம் வீராங்கனை, “உயரம் சரியில்லை” என்று சொன்ன பிறகே அளந்து பார்த்தார்கள். அத்தனை அதிகாரிகள் கூடிய அரங்கிலேயே இது நடந்ததென்றால், மணி அடித்த அவசரத்தில் பெட்டியை இழுத்து வைக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்! அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டால் நடுவில் இடைவெளி விழும். இறங்கும் பிள்ளையின் கால் அதில்தான் போய் அகப்படும். சுழிகல் பதித்த தரையில் மெத்தை நழுவும். அடியில் நழுவாத விரிப்பு ஒன்றை இடவேண்டும். மெத்தை தடிமனாக இருந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்கவேண்டாம். மிக மென்மையான மெத்தையில் பாதம் புதைந்து கணுக்கால் மடங்கும்.

நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கென்று ஒரு சொல். பள்ளி மண்டபங்கள் பல பக்கச் சுவர் இல்லாதவை. பிற்பகல் மழையின் சாரல் உள்ளே அடித்துத் தரையை நனைத்துவிடும். ஈரத் தரையில் அன்றைக்குப் பெட்டி வேண்டாம். முயல் தாவலோடு நிறுத்திக்கொள்ளலாம். வியர்த்த உள்ளங்கைகளைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு பெட்டியருகே இருக்கட்டும். காலுறையோடு ஓடவிடக்கூடாது, வெறுங்கால் நல்லது.

நம் பிள்ளைகளுக்கென்றும் ஒரு சொல். கொலுசு, வளையல், தொங்கட்டான், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றப்படவேண்டும். நீண்ட பின்னலை உயர்த்திக் கட்டவேண்டும். கூர்மையான கொண்டை ஊசி ஆகாது. கோயிலில் கட்டிய கயிற்றையும் தாயத்தையும் கழற்ற மனமில்லாத பெற்றோர் உண்டு. அவர்களோடு வழக்காட வேண்டியதில்லை. மணிக்கட்டுக் கயிற்றின்மேல் மருத்துவ ஒட்டுப்பட்டியைச் சுற்றிவிட்டால் அது எதிலும் மாட்டாது. கழுத்தில் தொங்குவதை மட்டும் அந்த அரைமணி நேரத்துக்கு ஆசிரியரிடம் கொடுத்து வைக்கும்படி தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அரைமணி நேரம் என்றோம். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், ஒரே ஒரு பெட்டி, 30 நிமிடப் பாடவேளை என்று கொள்வோம். கருவிகளை வைக்கவும் உடலைச் சூடேற்றவும் 10 நிமிடம் போகும். எஞ்சிய 20 நிமிடத்தில், ஒரு முறைக்கு 20 விநாடி என்றால், மொத்தம் 60 முறை தாண்டலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே முறை! மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருப்பார்கள். இதனால்தான் மண்டபமெங்கும் கயிறு, வளையம், பெஞ்சு என்று சிறு சிறு இடங்களை அமைத்து, எல்லாரையும் ஒரே வேளையில் இயங்க வைக்கவேண்டும் என்கிறோம். பெட்டி அவற்றுள் ஒன்றாக மட்டும் இருக்கட்டும். ஆசிரியர் அங்கே நிற்கட்டும். மற்ற இடங்களில் ஆபத்தில்லாத பயிற்சிகளையே வைக்கவேண்டும்.

கடைசியாக, அச்சம். முழு வேகத்தில் ஓடி வந்து பெட்டிக்கு முன்னே பாதி மனத்தோடு எழும்பும் பிள்ளையே பெரும்பாலும் அடிபடுகிறது. கால் தட்டி, கை மடங்கி, முகம் பெட்டியில் இடிக்கும். துணிவாகத் தாண்டும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. நின்றுவிடும் பிள்ளைக்கும் ஆபத்தில்லை. நடுவில் ஊசலாடுவதே ஆபத்து. அந்த ஊசலாட்டத்தை உண்டாக்குவது பல வேளைகளில் நாம்தான். “பயந்தாங்கொள்ளி” என்று ஒரு சொல் வந்து விழுந்துவிட்டால், உடல் மறுப்பதைப் பிள்ளை வீம்புக்காகச் செய்யும். எனவே முதல் நாளிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடவேண்டும்: மனம் ஒப்பவில்லையென்றால் பெட்டிக்கு வலப்பக்கமாக விலகி ஓடிவிடலாம், யாரும் சிரிக்கக்கூடாது. சொன்னால் மட்டும் போதாது. முயல் தாவலைப் பழக்குவது போல இதையும் பழக்கவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை ஓடி வந்து, வேண்டுமென்றே விலகி ஓடட்டும். விலகத் தெரிந்த பிள்ளை, தாண்டும்போது முழு மனத்தோடு தாண்டுகிறது.

இவ்வளவு செய்த பிறகும் என்றேனும் ஒரு பிள்ளை விழக்கூடும். கை வீங்கினாலோ வளைந்திருந்தாலோ அதை நீட்டிப் பார்க்கவேண்டாம். எண்ணெய் தடவி உருவவேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடம் முதலில் கொண்டு போகவும் வேண்டாம். முழங்கைக்கு மேல் முறிந்த எலும்பு அருகிலுள்ள இரத்தக் குழாயை அழுத்தக்கூடும். கை இருக்கும் நிலையிலேயே துணியால் தாங்கிக் கட்டி, விரல்கள் வெளுக்கின்றனவா, குளிர்கின்றனவா, மரத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையவேண்டும். அறுவை தேவைப்படலாம் என்பதால் உணவும் பானமும் கொடுக்கக்கூடாது. கழுத்தோ முதுகோ வலிக்கிறதென்று பிள்ளை சொன்னால், கிடக்கும் இடத்திலிருந்து அசைக்காமல் மருத்துவ வண்டியை அழைக்கவேண்டும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. பிறகு அன்றைக்கே, பெட்டியில் எத்தனை அடுக்குகள் இருந்தன, மெத்தை எப்படிக் கிடந்தது, பிள்ளை எந்த நிலையில் விழுந்தது, ஆசிரியர் எங்கே நின்றார் என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும். பெட்டியைப் பண்டக அறைக்கு அனுப்பும் முன் அந்தக் குறிப்பை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அடுத்த வாரம் எத்தனை அடுக்கைக் குறைத்து வைக்கவேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.